யாருக்கு எந்த ஊன்றுகோல்?



போன மாதம் நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன் மனுக்களைப் படித்துக்கொண்டிருந்தோம். ஆடு வாங்க, தையல் மிஷின் வாங்க, பிள்ளை படிப்புக்கு என்று வரிசையாக வந்தன. நடுவில் ஒரு மனு. "மாமியார் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. செலவுக்கு அவசரக் கடன் வேண்டும்" என்று ஒரு உறுப்பினர் எழுதியிருந்தார். கடன் கொடுக்க யாரும் மறுக்கவில்லை. அங்கேயே தீர்மானம் போட்டோம். அப்போது ஒரு அக்கா, "எப்படிம்மா விழுந்தாங்க?" என்று கேட்டார்.

"கம்பு ஊன்றிக்கிட்டுத்தான் போனாங்க அக்கா. குளிக்கிற இடத்துல அந்தக் கம்பே வழுக்கிடுச்சு."

விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் கம்பு இறந்துபோன மாமனாருடையது. அவர் நல்ல உயரம். மாமியார் குள்ளம். கம்பின் பிடி அவருக்கு நெஞ்சு வரைக்கும் வந்திருக்கிறது. அடியில் இருந்த ரப்பர் எப்போதோ தேய்ந்து கழன்றுவிட்டது. வெறும் கம்பு ஈர சிமெண்டுத் தரையில் எப்படி நிற்கும்?

உடனே இன்னொரு சகோதரி சொன்னார்: "நாங்க எங்க அப்பாவுக்குக் காசு கொடுத்து வாக்கர் வாங்கினோம். வீட்டுக்குள்ள கொண்டுபோனா நிலைப்படியில நுழையவே இல்ல. இப்ப மாட்டுக் கொட்டகையில கிடக்கு. அதுமேல துண்டு காயப்போடுறோம்." எல்லோரும் சிரித்துவிட்டோம். பிறகு யோசித்தோம். ஒரு வீட்டில் பொருத்தமில்லாத கம்பால் ஒருவர் விழுந்தார். இன்னொரு வீட்டில் பொருத்தமில்லாத வாக்கர் சும்மா கிடக்கிறது, அப்பா திண்ணையோடு முடங்கிவிட்டார்.

வயதானவர் ஒருவர் விழுந்து படுத்தால் அவருக்கு வலி. அவரைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பது யார்? பெரும்பாலும் நாம்தான். கூலி போகும், சேமிப்பு கரையும், கடன் ஏறும். அதனால் ஊன்றுகோல் வாங்குவதையும் ஆடு வாங்குவது போல நான்கும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். செருப்பை அளவு பார்த்துத்தானே வாங்குகிறோம்? ஊன்றுகோலும் அப்படித்தான். அது நடக்கிற ஆளின் உடம்புக்கும் பொருந்த வேண்டும், அவர் நடக்கிற இடத்துக்கும் பொருந்த வேண்டும்.

முதலில் காரணம் தெரிய வேண்டும்

"நடக்க முடியல, ஒரு கம்பு வாங்கிக் கொடு" என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. ஏன் நடக்க முடியவில்லை என்று கேளுங்கள். மூட்டு வலியா? ஒரு பக்கம் கை கால் பலமில்லையா? தலை சுற்றுகிறதா? கண் மங்கலா? சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

கண்புரை இருப்பவருக்கு எந்தக் கம்பு கொடுத்தாலும் படி தெரியாது. அவருக்கு முதலில் கண் சிகிச்சை வேண்டும். பாதம் மரத்தவருக்குக் கம்போடு சேர்த்து எம்.சி.ஆர். செருப்பு வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றினால், சாப்பிடும் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதுவரை எழுந்தவுடன் நடக்காமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து பிறகு எழச் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். நேற்று வரை நன்றாக நடந்தவருக்குத் திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது கம்பு தேடக் கூடாது. உடனே 108-க்கு அடிக்க வேண்டும்.

எந்த வகை யாருக்கு?

அரசு மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவர் இருப்பார். பிசியோதெரபி டாக்டர் என்று சொல்வோமே, அவர்தான். நடக்கச் சிரமப்படுபவரை ஒருமுறை அவரிடம் காட்டிவிட்டு வாங்குவது நல்லது. போவதற்கு முன் நமக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? வாங்க, பார்ப்போம்.

ஒற்றைக் கைத்தடி: ஒரு முழங்காலிலோ இடுப்பிலோ வலி இருப்பவர், லேசாகத் தள்ளாடுபவர் ஆகியோருக்கு இது போதும். உடம்பின் எடையில் கொஞ்சத்தை மட்டுமே இது தாங்கும். முழு எடையையும் இதன்மேல் போட்டுச் சாய்பவருக்கு இது போதாது. விரல் மூட்டுகள் வீங்கி இறுக்கிப் பிடிக்க முடியாதவருக்கு, வளைந்த பிடியைவிட உள்ளங்கை பதிகிற மாதிரி தடித்த பிடி நல்லது.

நாலுகால் கைத்தடி: ஒரே பிடி, அடியில் நான்கு சின்னக் கால்கள். பக்கவாதம் வந்து ஒரு கை மட்டும் வேலை செய்பவருக்கு உதவும். கையை எடுத்தாலும் தானே நிற்கும். ஆனால் நான்கு காலும் ஒரே சமயத்தில் தரையில் படிந்தால்தான் இதற்குப் பலம். மேடு பள்ளமான மண் தெருவிலும் வரப்பிலும் இது ஆடும். வீட்டுக்குள் சமதரையில் நடப்பவருக்குத்தான் ஏற்றது. அடிக்கால்கள் வெளிப்பக்கம் நீண்டிருக்க, நேரான பக்கம் நம் காலை ஒட்டி வரும்படி பிடிக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் காலே தட்டி விழ வைக்கும்.

வாக்கர்: நான்கு கால் சட்டம். இரண்டு கால்களும் பலம் குறைந்தவருக்கும், தள்ளாட்டம் அதிகம் உள்ளவருக்கும், அறுவைச் சிகிச்சை முடிந்து நடை பழகுபவருக்கும் நல்ல பிடிமானம் தரும். ஆனால் இரண்டு கையிலும் பலம் வேண்டும். ஒரு கை விழுந்தவருக்குச் சாதாரண வாக்கர் பயன்படாது. வாக்கரைத் தூக்கி முன்னால் வைக்க முடியாத அளவு சோர்ந்தவருக்கு முன்பக்கம் சக்கரம் வைத்தது உண்டு. சிமெண்டுத் தரையில் அது சுகம். மணலிலும் சேற்றிலும் அந்தச் சின்னச் சக்கரம் புதைந்துகொள்ளும். எந்த வாக்கரானாலும் அதைப் பிடித்துக்கொண்டு படி ஏறக் கூடாது.

அக்குள் கட்டை: கால் முறிந்து கட்டுப் போட்டிருப்பவர், ஒரு காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொன்னவர், ஒரு காலை இழந்தவர் ஆகியோருக்கு இது உதவும். இதற்கு இரண்டு கையிலும் தோளிலும் நல்ல பலம் வேண்டும். தள்ளாத வயதினருக்குப் பெரும்பாலும் ஒத்துவராது.

முழங்கைக் கட்டை: முன்கையைச் சுற்றிப் பிடிக்கும் வளையம் உள்ளது. நீண்ட காலம் கட்டை தேவைப்படுபவருக்கு அக்குள் கட்டையைவிட இது வசதி. நம் நாடு 2014-இல் போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றுவிட்டது. ஆனால் சின்ன வயதில் போலியோ தாக்கிய சகோதரிகள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். பழைய மரக் கட்டையோடு காலம் தள்ளும் அவர்கள் இதை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

அளவு பார்ப்பது எப்படி?

நம் குழுவில் தையல் தெரிந்தவர் இருப்பார். அவரிடம் இருக்கும் இஞ்சு டேப் போதும்.

1. வழக்கமாகப் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக நிற்கச் சொல்லுங்கள். செருப்பே போடாதவர் என்றால் வெறுங்காலோடு நிற்கட்டும். நிற்கத் தள்ளாடினால் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.

2. இரண்டு கையையும் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லுங்கள்.

3. வளையல் போடுகிற இடத்தில், மணிக்கட்டில் ஒரு மடிப்புக் கோடு தெரியும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கைத்தடியின் பிடி அந்த உயரத்துக்கு வர வேண்டும். வாக்கருக்கும் இதே அளவுதான்.

4. பிடியைப் பிடித்து நின்றால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். தோள் காதை நோக்கித் தூக்கிக்கொண்டு நின்றால் கம்பு உயரம் அதிகம். முதுகு கூனினால் உயரம் குறைவு.

அக்குள் கட்டைக்கு இன்னொரு அளவும் உண்டு. கட்டையின் மேல் முனைக்கும் அக்குளுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். உடம்பின் எடை கைப்பிடியில்தான் விழ வேண்டும். பெயர் அக்குள் கட்டை என்றாலும் அக்குளை அதன்மேல் போட்டுத் தொங்கக் கூடாது. அங்கே கைக்குப் போகும் நரம்புகள் இருக்கின்றன. நாள்கணக்கில் அழுந்தினால் கை மரத்து, பலம் குறைந்துபோகும். கால் வலிக்கு வாங்கிய கட்டை கையையும் கெடுத்துவிடும்.

அலுமினியக் கம்பில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். பொத்தானை அமுக்கி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பொத்தான் ஓட்டைக்கு வெளியே முழுதாக வந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். வாக்கரில் நான்கு காலும் ஒரே ஓட்டையில் இருக்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் இருக்கும் மரக் கம்பையே சரிசெய்ய வேண்டுமா? அடி ரப்பரைக் கழற்றிவிட்டுக் கம்பைத் தலைகீழாகப் பிடித்து, பிடி தரையில் படும்படி பக்கத்தில் நிறுத்துங்கள். மணிக்கட்டுக் கோட்டுக்கு நேராகக் கம்பில் கோடு போடுங்கள். ரப்பரின் அடிக் கனம் எவ்வளவோ அவ்வளவு கூடுதலாகக் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். தச்சருக்கு ஐந்து நிமிட வேலை. மாமனார் கம்பை அன்றைக்கே இப்படி வெட்டி, ஒரு புது ரப்பர் போட்டிருந்தால்... அந்தச் சகோதரி சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறார்.

எந்தக் கையில் பிடிப்பது?

நம்மில் பலர் தவறு செய்வது இங்கேதான். வலது கால் வலித்தால் வலது கையில் கம்பைப் பிடிக்கிறோம். அப்படிப் பிடிக்கக் கூடாது. வலது கால் வலித்தால் இடது கையில் பிடிக்க வேண்டும். நாம் சாதாரணமாக நடக்கும்போது வலது காலோடு இடது கைதானே முன்னால் வீசுகிறது? அதே போல வலிக்கும் காலும் கம்பும் ஒன்றாக முன்னால் போக வேண்டும். பிறகு நல்ல கால். அப்போதுதான் வலிக்கும் காலில் விழும் பாரத்தைக் கம்பு பங்கு போட்டுக்கொள்ளும்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். பிறகு வலிக்கும் காலும் கம்பும். இறங்கும்போது கம்பும் வலிக்கும் காலும் முதலில், பிறகு நல்ல கால். கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "ஏற நல்ல கால், இறங்க நோவுற கால்" என்று நாலு தடவை சொல்லிக் கொடுத்தால் பாட்டிமார் மறக்க மாட்டார்கள்.

வாக்கர் பிடிப்பவர் அதை ஓர் அடி தூரம் முன்னால் வைத்து, நான்கு காலும் தரையில் படிந்த பிறகுதான் அடியெடுத்து வைக்க வேண்டும். ரொம்பத் தூரம் தள்ளி வைத்தால் குப்புற விழ நேரும். நாற்காலியிலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, அது கவிழும். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து நின்ற பிறகு வாக்கரைப் பிடிக்க வேண்டும்.

சின்ன ரப்பர், பெரிய காரியம்

கம்புக்கு அடி ரப்பர்தான் செருப்பு. அதன் அடியில் வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கும். அவை தேய்ந்து வழவழப்பானால் ரப்பரை மாற்றிவிட வேண்டும். மருந்துக் கடையிலும் மருத்துவச் சாமான் விற்கும் கடையிலும் தனியாகவே கிடைக்கும். கம்பின் கனத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கம்பையே கையோடு கொண்டுபோங்கள். தொளதொளவென்று இருக்கிற ரப்பர் நடுவழியில் கழன்றுவிடும். வாரம் ஒருநாள் கம்பைத் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருக்கும் மண்ணைத் துடைத்துவிடுங்கள்.

வீட்டையும் அளக்க வேண்டும்

வாக்கர் வாங்கப் போகும் முன் இரண்டு இடத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்: வாசல் கதவின் அகலம், கழிப்பறைக் கதவின் அகலம். நம் வீடுகளில் கழிப்பறைக் கதவுதான் குறுகல். ராத்திரி அவசரமாகப் போகிற இடமும் அதுதான். கடையிலேயே வாக்கரை அளந்து பாருங்கள். நுழையாது என்றால் மடக்கு வாக்கரோ கைத்தடியோ போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதித்தால் பாதிக் கவலை தீரும். துணி காயப்போடும் கம்பி போல இல்லாமல், ஆள் பாரத்தைத் தாங்குகிற மாதிரி கொத்தனாரை வைத்துப் பதிக்க வேண்டும்.

வழியில் கிடக்கும் சாக்கு, கோணிப்பை, மடங்கிய பாய், தொங்கும் ஒயர் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். குளிக்கும் இடத்தில் பாசி பிடிக்க விடாதீர்கள். படுக்கை பக்கத்தில் ஒரு விளக்கு சுவிட்சோ டார்ச்சோ இருக்கட்டும். கம்பு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். புடவைக் கொசுவமும் வேட்டி நுனியும் தரையில் புரளாமல் கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பும் வழுக்கும். குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த செருப்பே நல்லது.

எவ்வளவு கவனித்தும் விழுந்துவிட்டால்? எழ முடியவில்லை, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிகிறது என்றால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது. பிடித்துத் தூக்கி நடக்க வைத்துப் பார்க்கவும் கூடாது. அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

காசு இல்லையென்றால்?

சாதாரணக் கைத்தடி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வாக்கருக்கு அதைவிடக் கூடும். வாங்க முடியாதவர்களுக்கு அரசு வழிகள் உண்டு.

மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனாவில், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள அல்லது குறைந்த வருமானம் உள்ள 60 வயது நிரம்பியவர்களுக்குக் கைத்தடி, முழங்கைக் கட்டை, வாக்கர் போன்றவற்றை இலவசமாகத் தருகிறார்கள். மாவட்ட நிர்வாகம் முகாம் நடத்தும். கான்பூரில் உள்ள அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம் உபகரணங்களைக் கொண்டுவரும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு 1981 முதல் நடக்கும் மத்திய அரசின் ஆடிப் திட்டம் இருக்கிறது. இதற்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்ற மருத்துவச் சான்று வேண்டும். வருமான வரம்பும் உண்டு. நம் மாநிலத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, சான்றுகளின் நகல் எல்லாவற்றையும் ஒரு பையில் தயாராக வைத்திருங்கள்.

ஒரு முக்கியமான சங்கதி. முகாமில் கொடுத்தார்கள் என்று வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடாதீர்கள். அங்கேயே நிற்க வைத்து, மணிக்கட்டு அளவுக்குப் பிடியைச் சரிசெய்து, பத்தடி நடக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள். இலவசமாகக் கிடைத்ததும் பொருந்தினால்தான் உதவும்.

"எனக்கு எதுக்குக் கம்பு?"

வாங்கி வந்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. "நான் என்ன கிழவியா? ஊரு சிரிக்கும்" என்று மூலையில் சாய்த்துவிடுவார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். காடு கழனியெல்லாம் நடந்த காலுக்கு இது எளிதான காரியமில்லை. "கம்பு பிடிச்சா வயசாயிடும்" என்று நினைப்பவரிடம், "கம்பு இருந்தா கோயிலுக்கு நீங்களே போயிட்டு வரலாம் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு எங்கே போக ஆசை என்று கேளுங்கள். பேரன் பள்ளிக்கூடமா, பக்கத்துத் தெரு அக்கா வீடா? முதல் நாள் கூடவே அங்கே நடந்து போய் வாருங்கள். பிடியையும் நிறத்தையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். தானே பிடித்துப் பார்த்து வாங்கிய கம்பை மூலையில் போட யாருக்கும் மனசு வராது.

நம் குழு என்ன செய்யலாம்?

அந்தக் கூட்டத்தில் நாங்கள் மூன்று தீர்மானம் போட்டோம். உங்கள் குழுவிலும் இவற்றைப் பேசிப் பாருங்கள்.

ஒன்று: ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர்கள் வீட்டில் கம்பு, கட்டை, வாக்கர் பிடிப்பவர்கள் யார் யார் என்று எழுதுவது. இஞ்சு டேப்போடு போய் உயரத்தையும் அடி ரப்பரையும் பார்ப்பது.

இரண்டு: கட்டுப் பிரித்த பிறகு தேவைப்படாத வாக்கரும் அக்குள் கட்டையும் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவற்றைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் சேர்த்து வைப்பது. தேவைப்படும் வீட்டுக்கு அளவு மாற்றி, புது ரப்பர் போட்டு, பதிவேட்டில் எழுதிக் கொடுப்பது.

மூன்று: அடி ரப்பர்களை மொத்தமாக வாங்கி வைத்து, வாங்கிய விலைக்கே கொடுப்பது.

விழுந்த அந்த அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. இப்போது அரசு மருத்துவமனையில் வாக்கரோடு நடை பழகுகிறார். போன வாரம் பார்க்கப் போன நம் சகோதரிகள் சும்மா போகவில்லை. வாக்கரின் உயரத்தை அளந்து பார்த்தார்கள். அவர் வீட்டுக் கழிப்பறைக் கதவையும் அளந்துவிட்டுத்தான் வந்தார்கள். வாக்கர் நுழையும்.

மாட்டுக் கொட்டகையில் கிடந்த வாக்கரும் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. துண்டை எடுத்துவிட்டுத் துடைத்து வைத்திருக்கிறோம். அகலமான கதவு உள்ள வீட்டில் யாருக்காவது தேவையென்றால், ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அளவு பார்த்துக் கொடுக்கிறோம்.